விளக்குச் சிப்பிகள் சரிந்தது போட்டியாலா, பேரழிவாலா? (தொல்கடல், பாறையடுக்கு, நுண்படிவம் என்ற பெயர்களில் மூவர் நடத்தும் விவாதம்)

தொல்கடல்:
ஒரு காலத்தில் பாறையெங்கும் நிறைந்து கிடந்த ஓர் உயிரினத் தொகுதி பின்னர் அரிதாகிப் போனால், அதைவிடத் திறமையான ஒன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்றே கொள்ள வேண்டும். பிராக்கியோபாடுகள் எனப்படும், இரு ஓடுகள் கொண்ட கடலுயிர்களான விளக்குச் சிப்பிகளைப் பாருங்கள். தொல்லுயிரூழியில் (ஏறத்தாழ 54 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை) கடல்தளத்தை நிரப்பியிருந்த இவற்றில் இன்று எஞ்சியவை ஏறத்தாழ 400 இனங்களே. மட்டி, சிப்பி முதலிய இருவோட்டு மெல்லுடலிகளோ ஆயிரக்கணக்கான இனங்களாகப் பெருகியுள்ளன. மெல்லுடலிகளுள் பலவற்றுக்கு மண்ணைத் தோண்டத் தசைக்காலும், புதைந்தபடியே நீரை உறிஞ்சக் குழாய்களும் உண்டு. பெரும்பாலான விளக்குச் சிப்பிகளோ காம்பினால் பற்றிக்கொண்டோ தளத்தின்மேல் கிடந்தோ வாழ்ந்தவை.

பாறையடுக்கு:
நண்பரே, போட்டிதான் காரணமென்றால் ஒன்று ஏற ஏற மற்றொன்று இறங்கியிருக்க வேண்டும். 1980இல் தொல்லுயிரியலாளர்களான ஸ்டீபன் ஜே கோல்டும் கேலவேயும் இரு தொகுதிகளின் பேரினங்களையும் (நெருங்கிய இனங்கள் அடங்கிய குழுக்களையும்) காலவாரியாக எண்ணிப் பார்த்தபோது அப்படி எதுவும் தென்படவில்லை. சாதாரணக் காலங்களில் இரண்டும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலம் முடிந்த பேரழிவுதான் விளக்குச் சிப்பிகளைப் பெரிதும் வீழ்த்தியது; மெல்லுடலிகள் அந்த அளவுக்கு அடிபடவில்லை. சைபீரிய எரிமலைக் குழம்பு வெளியேறிய அக்காலத்தில் கடலில் கரியமில வாயு மிகுந்தபோது, உடலியக்கம் மந்தமாகவும் ஓடு கனமாகவும் இருந்த உயிர்களே அதிகம் மாண்டன. இதைத் திறமையின் வெற்றி என்று எப்படிச் சொல்வது?

தொல்கடல்:
அந்த எண்ணிக்கையையே நான் முழுமையாக நம்பத் தயங்குகிறேன். விளக்குச் சிப்பிகளுள் பெரும்பாலானவற்றின் ஓடு கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. அது பாறையில் நன்கு நிலைக்கும். மெல்லுடலிகள் பலவற்றின் ஓட்டில் உள்ள, அதே சுண்ணாம்பின் வேறு வடிவமான அரகோனைட் எளிதில் கரைந்துவிடும். பழைய பாறைகளில் மெல்லுடலிகள் குறைவாகத் தெரிவது, அவை குறைவாக வாழ்ந்ததால் என்று எப்படிக் கொள்வது?

நுண்படிவம்:
இருவரும் பேரினங்களின் எண்ணிக்கையையே பேசுகிறீர்கள். ஆனால் ஒரு தொகுதி பொதுவாகக் காணப்பட்டதா என்பது எத்தனை பேரினம் இருந்தது என்பதைப் பொறுத்ததன்று. எத்தனை இடங்களில், எத்தனை உடல்கள் கிடந்தன என்பதைப் பொறுத்தது. ஓடு சிலிக்காவாக (மணலில் உள்ள கடினமான கனிமமாக) மாறிய இடங்களில் அரகோனைட் கரைந்துபோகும் குறை பெரிதும் நீங்குகிறது. அத்தகைய பாறைகளை ஆய்ந்து 2007இல் வெளிவந்த கட்டுரையொன்று, கரையை விட்டு விலகிய கடல்தளங்களில் பெர்மியன் இறுதிக்கு முன்பே மெல்லுடலிகள் மிகுந்துவிட்டன என்று காட்டியது. அதே ஆண்டில், நியூசிலாந்தின் பிற்காலப் பாறைகளை ஆய்ந்தவர்கள், மெல்லுடலி இனங்கள் பரவிய இடங்களின் எண்ணிக்கை மெல்ல ஏறி மெல்லவே இறங்குவதைக் கண்டனர். அழிவு என்பது பெரும்பாலும் நெடிய சரிவின் கடைசிப் படியே. தொகுதிகளுக்கும் இது பொருந்தக்கூடும் என்பது என் எண்ணம்.

பாறையடுக்கு:
சரிவு முன்பே தொடங்கியது என்பதை ஏற்கிறேன். இது என் வாதத்தைத் திருத்துகிறது. ஆனால் ஆழ்கடலிலிருந்து உயிர்வளி குறைந்த நீர் மேலேறியிருந்தாலும் இதே மாற்றம்தான் நிகழ்ந்திருக்கும். போட்டியே காரணமென்று நிறுவ, ஒரே தளத்தில், நீரின் தன்மை மாறாத அடுக்குகளில், மெல்லுடலிகள் கூடக்கூட விளக்குச் சிப்பிகள் குறைந்ததைக் காட்ட வேண்டும். அத்தகைய அடுக்கு ஒன்றைத் தொல்கடல் முன்வைத்தால் என் நிலையை மாற்றிக்கொள்வேன்.