கயிற்றோடு பழந்துணியும்: வேதக் கதைகள் நம் வீட்டுக்குள் வந்த அனுபவங்கள்

திருநெல்வேலி, ஞாயிறு பள்ளி ஆசிரியை

எரேமியா 38-ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பெரும்பாலும் துரவோடு, அதாவது ஆழமான குழிக்கிணற்றோடு, நிறுத்திவிடுகிறோம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. ஊருக்குள் அப்பம் தீர்ந்துபோகிறது. பிரபுக்கள் தீர்க்கதரிசி எரேமியாவைக் கயிறு கட்டித் துரவுக்குள் இறக்குகிறார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, வெறும் உளைச் சேறு. எத்தியோப்பியனான எபெத்மெலேக் ராஜாவிடம் பேசி அவரைத் தூக்கிவிடுகிறான். இதோடு கதையை முடித்துப் பாட்டுக்குப் போய்விடுகிறோம்.

எனக்குப் பிடித்ததோ 11, 12-ஆம் வசனங்கள். ராஜா முப்பது பேரைக் கூட அனுப்பியிருக்கிறார், ஆள் சாகக் கிடக்கிறார். அந்த அவசரத்திலும் எபெத்மெலேக் அரமனையில் பொக்கிஷ அறைக்குக் கீழே போய்ப் பழம்புடவையும் கந்தைத்துணியும் தேடி எடுக்கிறான். அதைக் கயிற்றோடு இறக்கி, அக்குளில் வைத்துக்கொண்டு அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும் என்கிறான். சேற்றில் ஊறிய உடம்பை வெறுங்கயிற்றில் இழுத்தால் தோல் உரிந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. வேறு யாருக்கும் அது தோன்றியதாக வேதத்தில் இல்லை.

என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது இப்படி ஒருவரை நேரில் பார்த்தேன். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா. பீடி சுற்றுகிறவர். கூப்பிட்ட குரலுக்கு வருவார். வந்ததும் அத்தையைத் தொட மாட்டார். கொடியில் கிடக்கும் பழைய வேட்டியை நாலாக மடித்து முதுகுக்கும் தொடைக்கும் அடியில் மெதுவாகத் தள்ளுவார். அப்புறம் அந்த வேட்டியின் இரண்டு ஓரத்தையும் நாங்கள் இருவரும் பிடித்துத் தூக்குவோம். "வயசான தோலு, கை வச்சு இழுத்தா பிஞ்சிரும்மா" என்பார். உறவுக்காரர்கள் எத்தனையோ பேர் ஜெபித்துவிட்டுப் போனார்கள், அதற்கும் நன்றி. ஆனால் எபெத்மெலேக்கும் வெளியாள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உதவி செய்வது ஒன்று, எப்படிச் செய்வது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைச் சொல்லித்தரும் கதைகள் வேதத்தில் நிறைய உண்டு என்று நினைக்கிறேன். உங்கள் வாழ்க்கையில் அப்படி எது வந்தது என்று சொல்லுங்களேன்.

தூத்துக்குடி, பலசரக்குக் கடை

அக்கா, எனக்கு ரூத் இரண்டாம் அதிகாரம். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று லேவியராகமம் 19-ல் சட்டமே இருக்கிறது. கணவனை இழந்து மாமியாரோடு வந்த பரதேசிப் பெண் ரூத்துக்கு, வயலின் சொந்தக்காரர் போவாஸ் அதை மட்டும் செய்திருந்தாலே நல்ல மனுஷன்தான். அவர் ஒரு படி மேலே போய் வேலையாட்களிடம் ரகசியமாகச் சொல்லிவைக்கிறார்: அறுத்த கதிர் அரிகளில் சிலதை அவளுக்காக வேண்டுமென்றே சிந்த விடுங்கள், அவளை அதட்டாதிருங்கள். ரூத்துக்குத் தான் உழைத்துப் பொறுக்கியதாகவே இருக்கும். சாயங்காலம் தட்டி அளந்தால் ஒரு மரக்கால் வாற்கோதுமை. மாமியார் நகோமி பார்த்துவிட்டு, இன்றைக்கு எங்கே பொறுக்கினாய் என்று கேட்கிறாள்.

எங்கள் கடை கடற்கரையை ஒட்டிய தெருவில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் பணம் புரளாது. நோட்டில் கடன் ஏறிக்கொண்டே போகும். எங்கள் அப்பா காலத்திலிருந்தே கடையில் ஒரு பழக்கம் உண்டு: நாலு பேர் நிற்கும்போது பழைய பாக்கியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. கடைப்பையன்களுக்கும் முதல் நாளே அதைச் சொல்லிவிடுவோம். தடைக்காலத்தில் பருப்பு, உளுந்து புடைக்க, வற்றல் காம்பு கிள்ள என்று சில பெண்களைக் கூப்பிடுவோம். மெஷினில் சுத்தம் செய்த பருப்பு மலிவாகவே வரும், புடைக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் புடைக்காத மூட்டை ஒன்றிரண்டு வாங்கிப் போடுவோம். கூலியாகப் பாதி காசு, பாதி அரிசி. அரிசியை அளக்கும்போது தலை தட்டுவதில்லை.

இதை வெளியில் சொல்வது சரியா என்று யோசித்தேன். பேர் போடாத இடம் என்பதால் எழுதுகிறேன்.

வேலூர், செவிலியர்

மாற்கு 7-ல் தெக்கப்போலி பக்கம் ஒரு செவிடனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவனுக்குப் பேச்சும் திக்கும். இயேசு அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். அப்புறம் காதில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார். காது கேளாதவனுக்கு என்ன நடக்கப்போகிறது என்று கையால் சொல்லிக்காட்டியது போல எனக்குப் படும். அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து காட்டு என்றால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

வார்டில் வேலை நெருக்கடியாக இருக்கும்போது முதலில் விட்டுப்போவது திரைதான். கட்டிலைச் சுற்றித் திரையை இழுக்கச் சில நொடிதான் ஆகும். ஆனாலும் "பாட்டிதானே", "சின்னப் பையன்தானே" என்று விட்டுவிடுவார்கள். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு மூன்று விஷயம் சொல்வேன். திரையை இழு. செய்யப்போவதை நோயாளியிடம் சொல். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடு. ஒரு தாத்தா, சிறுநீர்க் குழாய் மாற்றும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு பயிற்சிப் பெண் திரையை இழுத்துவிட்டு, "தாத்தா, இப்போ யாரும் பார்க்கல, முடிஞ்சதும் நானே திறந்துவிடுறேன்" என்றாள். அவர் திரும்பி அவளிடம் பேர் கேட்டார், ஊர் கேட்டார். அவள் கிறிஸ்தவப் பெண் கூட இல்லை. அந்த வசனம் அவளுக்குத் தெரியாது, செய்தது அதைத்தான்.

நாசரேத் பக்கம், ஓய்வு பெற்ற உபதேசியார்

பிள்ளைகளா, வாசித்தேன், சந்தோஷம். ஒன்று மட்டும் பெரியவனாகச் சொல்லிவைக்கிறேன். வேதத்தில் இருக்கிற எல்லாக் கதையும் "நீயும் இப்படிச் செய்" என்று எழுதப்பட்டதில்லை. கிதியோனின் தோலை எடுத்துக்கொள்ளுங்கள். களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்தால் அடையாளம் என்று கர்த்தரிடம் கேட்டவன் அவன். வரன் பார்க்க, வேலை மாற, நிலம் வாங்க என்று எதற்கெடுத்தாலும் "தோல் போட்டுப் பார்க்கிறேன்" என்பார்கள் நம் ஜனங்கள். நாளைக்கு மழை பெய்தால் கர்த்தருடைய சித்தம், பெய்யாவிட்டால் இல்லை! நியாயாதிபதிகள் 6-ஐ முதலிலிருந்து வாசித்தால் தெரியும்: தோல் போடும் முன்பே கர்த்தர் கிதியோனைப் போகச் சொல்லிவிட்டார், அக்கினி எழும்பிப் பலியைப் பட்சித்த அடையாளமும் கொடுத்துவிட்டார். தோல் போட்டது அவன் பயம். கர்த்தர் பொறுமையாக அதற்கும் இறங்கி வந்தார். அங்கே நாம் பார்க்க வேண்டியது அவருடைய பொறுமையை.

நீங்கள் சொல்லும் கதைகளில் அந்த ஆபத்து குறைவு. ஏனென்றால் நம்முடைய காரியம் நடக்குமா என்று அவற்றில் யாரும் தேடவில்லை, எதிரே நிற்கிறவனைப் பார்க்கிறீர்கள். எழுதுங்கள்.

கோயம்புத்தூர், குடும்பத் தலைவி

சுருக்கமாகச் சொல்கிறேன். கொழுந்தனார் நிலப் பத்திரத்தில் எங்களுக்குத் துரோகம் செய்தார். பெரியவர்களைக் கூட்டிப் பேசும் நாள் வந்தது. கூடம் நிறைய சொந்தக்காரர்கள். என் கணவர் எல்லாரையும் கும்பிட்டு, "நீங்க சாப்பிட்டுட்டு இருங்க, நானும் தம்பியும் உள்ளே பேசிட்டு வர்றோம்" என்று அவரை அறைக்குள் கூட்டிப் போனார். எகிப்தில் அதிபதியாக இருந்த யோசேப்பு தன் அண்ணன்மாருக்குத் தன்னை வெளிப்படுத்தும் முன் எல்லாரையும் வெளியே அனுப்பினானே, ஆதியாகமம் 45, அதை அன்று காலையில்தான் வீட்டு ஜெபத்தில் வாசித்திருந்தோம். பார்வோன் வீட்டுக்குப் போன செய்தி, யோசேப்பின் சகோதரர் வந்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான். அண்ணன்மார் அவனை விற்ற கதையை யோசேப்பு எகிப்தியர் முன் சொல்லவில்லை.

நிலம் முழுதாகத் திரும்பவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை, மனசு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் கொழுந்தனார் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

சென்னை அம்பத்தூர், ஒரு தகப்பன்

என் மகனுக்கு இன்ஜினீயரிங்கில் அரியர். ரிசல்ட் வந்த அன்று பயந்துபோய் ராத்திரிவரை வீட்டுக்கு வரவில்லை. யோவான் 21 எனக்கு ரொம்ப நாளாகவே நெஞ்சில் உள்ள பகுதி. இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுரு. ராமுழுக்க வலை வீசியும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடியும்போது இயேசு சொன்னபடி வலை போட்டு மீன் நிறைந்த பிறகு கரைக்கு வருகிறான். கரையில் கரிநெருப்பு, மேலே மீன், பக்கத்தில் அப்பம். இயேசு "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். என்னை நேசிக்கிறாயா என்று கேட்டதெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு. சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்கும் அப்படித்தான், முதலில் தழலில் சுட்ட அடை, ஒரு செம்பு தண்ணீர், தூக்கம், மறுபடி சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கப்புறம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான்.

அன்றைக்கு வீட்டில் தோசை மாவு இருந்தது. கதவைத் திறந்ததும் "கை கழுவிட்டு வா" என்றேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். மூன்றாவது தோசையில் அவனே ஆரம்பித்தான், எந்தப் பேப்பர், ஏன் போனது என்று. நான் கேட்கவே இல்லை. மறுநாள் கண்டிப்பாகவும் பேசினேன். இயேசுவும் பேதுருவிடம் கேட்க வேண்டியதை விட்டுவிடவில்லை, மூன்று தரம் கேட்டார், பேதுரு துக்கப்படும் அளவுக்குக் கேட்டார். கண்டிப்பே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம், பெண்கள் ஐக்கிய சங்கப் பொறுப்பாளர்

வீட்டைத் தாண்டி, சபையாகவும் இதை யோசிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு விதவைகளுக்குப் புடவை கொடுக்கிறோம். பேர் வாசித்து மேடைக்குக் கூப்பிட்டு, கையில் கொடுத்து, போட்டோ எடுப்பது வழக்கமாக இருந்தது. கொடுக்கிறவர்கள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, காலங்காலமாக அப்படியே நடந்தது. ஒரு பாட்டி மட்டும் வருஷா வருஷம் அந்த ஆராதனைக்கு வராமல் மறுநாள் வந்து வாங்கிப் போவார். போவாஸை வைத்து நாங்கள் கூட்டத்தில் பேசினோம். மேடையும் போட்டோவும் நின்றது, இருவர் இருவராக வீட்டுக்குப் போய்க் கொடுக்கிறோம்.

ஆனால் அது போதாது என்று எனக்குப் பட்டது. பஞ்ச காலத்தில் சாறிபாத் ஊர் விதவையிடம் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான் மிச்சம். எலியா அவளிடம் போய், முதலில் எனக்கு ஒரு சிறிய அடை பண்ணிக் கொண்டுவா என்கிறார். படிக்கும்போது கடுமையாகத் தெரியும். ஆனால் கொடுக்கும் இடத்தில் அவளை நிறுத்தியவர் அவர் ஒருவர்தான். யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் இயேசுவும் தாகத்துக்குத் தா என்றுதான் ஆரம்பிக்கிறார். அதனால் எங்கள் சங்கத்தில் பிடி அரிசி காணிக்கைக்கு (சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைப்பது) டப்பா கொடுக்கும்போது, உதவி பெறுகிற வீடுகளை விட்டுவிடும் பழக்கத்தை நிறுத்தினோம். அவர்களுக்கும் டப்பா உண்டு. யார் எவ்வளவு போட்டார்கள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாம் ஒரே சாக்கில் கொட்டப்படும்.

கணக்குக்கு என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. புடவை வாங்கியவர்கள் கையெழுத்து வேண்டும் என்றார் பொருளாளர், அது நியாயம்தான். கையெழுத்து வாங்கிய நோட்டு பொருளாளர் பீரோவில் இருக்கிறது. தணிக்கைக்கு மட்டும் வெளியே வரும். வேறு சபைகளில் இதைவிட நல்ல ஏற்பாடு இருந்தால் எழுதுங்கள், நவம்பர் கூட்டத்துக்கு முன்னால் தெரிந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.