வாங்கிய நூல்கள் வாசிக்கப்படாமல் குவிகின்றன; வாங்குவதை நிறுத்த முடியவில்லை

கொங்கு வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன்; வயது 43. சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக அலமாரிகளை ஒதுக்கியபோது, என்னிடமுள்ள நூல்களை முதன்முறையாக எண்ணிப் பார்த்தேன். 1,340 இருந்தன. முழுமையாக வாசித்தவை 400ஐத் தாண்டாது. ஒரே நாவலின் மூன்று பிரதிகள், மூன்று வெவ்வேறு அட்டைகளுடன் கிடைத்தன.

ஆகஸ்டில் ஈரோடு, ஜனவரியில் சென்னை நந்தனம் என்று ஆண்டுக்கு இரண்டு புத்தகக் காட்சிகளுக்குச் செல்வது என் நெடுநாள் வழக்கம். சில ஆண்டுகளாக மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்கள் நடப்பதால் அந்தப் பட்டியலும் நீண்டுவிட்டது. இந்த ஜனவரியில் மட்டும் 18,600 ரூபாய்க்கு வாங்கினேன். முழுவதும் கிரெடிட் கார்டில். திரும்பும் வழியில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நூலின் பின்னட்டையையும் வாசித்தபடி வரும் அந்தப் பயணம்தான் ஆண்டிலேயே எனக்கு மிகவும் நிறைவான பொழுது. வீட்டு வாசலை மிதித்ததும் அந்த நிறைவு வடிந்துவிடுகிறது. இப்போது மனைவி உறங்கிய பிறகு பைகளை மாடி அறைக்குக் கொண்டுசெல்லும் நிலைக்கு வந்திருக்கிறேன்.

எண்ணிக்கொண்டிருந்தபோது என் மகள் ஒரு நூலைப் பிரித்தாள். உள்ளே செருகியிருந்த ரசீதில் எழுத்தெல்லாம் மங்கி, 2016 என்ற ஆண்டு மட்டும் தெரிந்தது. “நான் ஒண்ணாவது படிக்கிறப்ப வாங்கினதாப்பா?” என்று கேட்டாள். அவள் இப்போது பத்தாம் வகுப்பை முடித்துவிட்டாள்.

ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் காரணம் ஒன்றுதான்: இப்போது வாங்காவிட்டால் இந்த நூல் பிறகு கிடைக்காது. இது வாசிப்பின் மீதுள்ள பற்றா, அல்லது வேறு ஏதேனும் கோளாறா? இதே நிலையில் இருந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர்

நண்பருக்கு வணக்கம். நூல் கிடைக்காமல் போய்விடும் என்ற உங்கள் அச்சத்தை நான் புறந்தள்ள மாட்டேன். தமிழில் ஒரு நூல் முதல் பதிப்போடு நின்றுபோவதும், பத்தாண்டு கழித்து அதைத் தேடி அலைவதும் நான் பணிக்காலம் முழுவதும் கண்டவை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, அப்படித் தொலைந்துபோகக்கூடியவற்றைத்தான் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது நூல், இதழ், துண்டறிக்கை, அழைப்பிதழ் என ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்கள் அவரிடம் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கித் தமிழ்நாட்டிலேயே வைத்தது. அவையே இன்று சென்னையில் அவர் பெயரில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம். எல்லாவற்றையும் அவர் வாசித்தாரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை, ஏனெனில் என்ன வைத்திருக்கிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார். ஒரே நாவலை மூன்று முறை வாங்கியிருப்பது உங்களுக்கு அந்த அறிவு இல்லை என்பதையே காட்டுகிறது.

ஆகவே முதலில் ஒரு நீண்ட நோட்டு வாங்கி இருப்புப் பதிவேடு எழுதுங்கள்: வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு, வாசித்தாயிற்றா என்ற ஐந்து பத்திகள் போதும். கைப்பேசியில் தட்டச்சு செய்வதைவிடக் கையால் எழுதுவதே நல்லது. ஒவ்வொரு நூலையும் ஒரு நிமிடமாவது கையில் வைத்திருப்பீர்கள். அப்போதே முதுகுப்புறத்தைப் பாருங்கள். இராமபாணப் பூச்சிக்குப் பசையிலுள்ள மாவுச்சத்துதான் உணவு. பிரிக்கப்படாமல் கிடக்கும் நூல்தான் அதற்கு வசதி. அலமாரி வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் நான்கு விரல் இடைவெளி விட்டு நகர்த்துங்கள், மழைக்காலத்தில் சுவரின் ஈரம் தாளுக்கு ஏறும்.

வாசிக்க மாட்டோம் என்று உறுதியானவற்றைக் கொடுத்துவிடலாம். ஆனால் மூட்டையாகக் கட்டி ஏதாவது ஒரு பள்ளியில் இறக்கிவிடாதீர்கள். பட்டியலை அனுப்பி, வேண்டியவற்றைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். யாரும் கேட்காமல் வந்த நூல்களைப் பிரிப்பதிலேயே என் கோடை விடுமுறைகள் பல கழிந்தன.

பெயர் வேண்டாம்

நூலகர் ஐயா கூறியது சேகரிப்பாளருக்குப் பொருந்தும். உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டவை கிரெடிட் கார்டும், மனைவி உறங்கிய பிறகு மாடி ஏறும் பைகளும்தான். நானும் அங்கே இருந்தவன். எனக்கு இணையத்தில் வாங்கும் பழக்கம். பொட்டலம் அலுவலகத்துக்கு வரும். பல நாட்கள் பிரிக்கக்கூட மாட்டேன். ஆர்டர் செய்யும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் எல்லாம் இருந்தது, பெரும்பாலும் அலுவலகத்தில் அவமானப்பட்ட நாட்களின் இரவு 11 மணிக்கு மேல். கடன் 1 லட்சத்து 40 ஆயிரம் வரை போன பிறகு மனநல மருத்துவரிடம் சென்றேன். அடக்க முடியாமல் பொருள் வாங்கும் நிலையை எமில் கிரேப்பெலின் என்ற ஜெர்மானிய மருத்துவர் நூறாண்டுக்கு முன்பே விவரித்திருக்கிறார் என்று அவர் சொன்னபோது, வெட்கம் பாதி குறைந்தது. நூல் நல்ல பொருள் என்பதால் இதை யாரும் கண்டிக்க மாட்டார்கள். நமக்கும் நம்மைக் கண்டிக்கத் தோன்றாது. கிரெடிட் கார்டை இன்றே மனைவியிடம் கொடுத்துவிடுங்கள், மாடி அறையையும் காட்டிவிடுங்கள். மருத்துவரிடம் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வடமராட்சி

எனது தகப்பனாரும் எதையும் இரண்டு பிரதிகளாகவே வாங்குவார். ஒன்று வாசிக்க, மற்றது “இருக்கட்டும்” என்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலான பிறகு தொடங்கிய பழக்கம் அது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாம் பிரதிகள் நிரம்பிய தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி அவரே உருட்டிச் சென்றார். ஆதலால் கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உங்களது மாடி அறையில் உள்ளவற்றில் அப்படிப்பட்டவை எத்தனை என்று பாருங்கள். ஈழத்து நூல்களை 2005 தொடக்கம் ‘நூலகம்’ என்ற நிறுவனம் மின்வடிவில் சேர்த்து வருகிறது. பழைய தமிழ் நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கெல்லாம் தேடியும் கிடைக்காததை மட்டும் வாங்குவது என்று வைத்துக்கொண்டால், புத்தகக் காட்சியில் உங்களது பை மிகவும் இலேசாக இருக்கும்.

கொங்கு வாசகர்

மூவருக்கும் நன்றி. கிரெடிட் கார்டை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். தொகையைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. மறைத்ததற்குத்தான் வருந்தினார், அது எனக்குக் கூடுதலாக வலித்தது. 14416க்கு நாளை மாலை பேச இருக்கிறேன். மகள் தலைப்பை உரக்கச் சொல்ல, நான் பதிவேட்டில் எழுதுகிறேன். நேற்று இரவுவரை 212 முடிந்தன. அவற்றில் மேலும் நான்கு இரட்டைப் பிரதிகள் வந்துவிட்டன. பதிவேட்டை முடித்ததும் இரட்டைப் பிரதிகளின் பட்டியலை இங்கே இடுகிறேன். வேண்டுபவர்கள் எண்ணைக் குறிப்பிட்டால் போதும், அஞ்சல் செலவு என்னுடையது.