மறு: ‘பியர்-டு-பியர்’ தமிழில்: ‘கைமாற்று’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக நம் குழு மடல்களைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘பியர்-டு-பியர்’, அதாவது பயனர்களின் கணினிகளே கோப்பு முதலியவற்றை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் முறை, அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் பேச்சு. ‘சகா’, ‘இணையர்’, ‘கூட்டு’, ‘நிகரி’ என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. அந்த முறையில் ஓடும் டோரண்ட் மென்பொருளைத் தமிழாக்கும் நம் வேலை இந்த ஒரு சொல்லில் வந்து நிற்பதால் நானும் எழுதுகிறேன்.

‘இணையர்’ வேண்டாம். கணவன் மனைவிக்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது, ‘இணையம்’ வேறு பக்கத்தில் வந்து மோதும். ‘சகா’ ஆளைக் குறிக்கும், கணினிக்கு ஒட்டவில்லை. கோலாலம்பூர் ஐயா சொன்ன ‘கூட்டு’ எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் நம் மலேசியாவில் கூட்டு என்றால் மாதாமாதம் பணம் போட்டு எடுக்கிற சீட்டு. அதைத் தடைசெய்து 1971இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது. திருட்டுப் படம், திருட்டுப் பாட்டு என்று ஏற்கெனவே பெயர் கெட்டுக் கிடக்கும் ஒன்றுக்கு, சட்டம் தடுத்த பெயரையே வைப்பது நியாயமில்லை, ஐயா.

‘நிகரி’, அதாவது மற்றவருக்கு நிகரானது, அழகான சொல். வழங்கி (சர்வர்), உலாவி, செயலி வரிசையில் நன்றாக உட்காரும். என் மறுப்பு சொல்லின் மேல் இல்லை, பொருளின் மேல்தான். அதைச் சொல்ல, எந்த ஊரில் எந்தப் பகிர்வு மென்பொருள் ஓடியது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2002 வாக்கில் பட்டர்வொர்த்தில் ஒரு சைபர் கஃபேயில்தான் முதன்முதலாக இதைப் பார்த்தேன். கசா (Kazaa) என்ற மென்பொருள். பாட்டின் பெயரைத் தட்டினால் வரிசையாக வந்து நிற்கும். ஒரு மணி நேரத்துக்குக் கட்டிய காசு முடிவதற்குள் பாட்டு இறங்குமா என்று, எவ்வளவு இறங்கியது எனக் காட்டும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்போம். அதே காலத்தில் பாரிஸில் இருந்த என் சித்தப்பா மகன் கசாவைத் தொட்டதே இல்லை. அங்கே இடாங்கி (eDonkey), பிறகு 2002இல் ஜெர்மன் நிரலாளர் ஒருவர் தொடங்கிய இமியூல் (eMule). பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் எங்கும் அந்தக் கழுதைதான். ஸ்பெயின்காரர்கள் ‘கோவேறு கழுதை’ என்றே தங்கள் மொழியில் செல்லமாக அழைத்தார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் படித்த நண்பருக்கோ விடுதிக் கணினிகளுக்குள் கோப்பு பகிர்ந்த டிசி பிளஸ் பிளஸ் (DC++) மென்பொருள்தான் உலகம். வெளி இணைப்பு ஆமையாக நகரும், விடுதிக்குள் ஓடும் கம்பியோ பறக்கும். அதனால் பக்கத்து அறைக்காரரிடமே எடுப்பது லாபம்.

ஜப்பான் கதை தனி. அங்கே 2002இல் இசாமு கனேகோ என்ற நிரலாளர் வின்னி (Winny) என்ற பகிர்வு மென்பொருளை எழுதினார். கோப்பு மறையாக்கப்பட்டு, நடுவில் இருக்கும் கணினிகள் வழியாகக் கைமாறிக் கைமாறிப் போகும். முதலில் கொடுத்தது யார் என்று பிடிப்பது கடினம். 2004 மே மாதம் அவரைக் கைது செய்தார்கள், 2006இல் அபராதம் விதித்தார்கள், 2011இல்தான் உச்ச நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்பதை உறுதிசெய்தது. மென்பொருள் எழுதியதற்காக ஒரு மனிதர் ஏழு ஆண்டுகள் அலைந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஏன் ஊருக்கு ஒன்று? நமக்கு வேண்டிய கோப்பு நம் மொழி பேசுகிறவரிடம்தான் இருக்கும். அவர் எந்த மென்பொருளில் இருக்கிறாரோ, நாமும் அங்கேதான் போவோம். ஒருவர் போனால் பத்துப் பேர் போவார்கள். அதனால்தான் சிதறிக் கிடக்கும் தமிழர்களாகிய நாம் ஆளுக்கொரு பெயர் சொல்கிறோம். இங்கே ‘டோரண்ட் போடு’ என்பதும் அங்கே ‘டிசியில் எடு’ என்பதும் ஒரே வேலைதான்.

இப்போது ‘நிகரி’க்கு வருகிறேன். பாட்டுப் பகிர்ந்த பழைய நாப்ஸ்டர் மென்பொருளில், யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் நடுவழங்கியில் இருந்தது. கசாவில் வலுவான கணினிகள் தலைமைக் கணுக்களாகி மற்றவற்றின் பட்டியலைச் சுமந்தன. இமியூலில் கொடுத்தவருக்கு வரிசையில் முன்னுரிமை. இவை எவற்றிலும் எல்லாரும் நிகர் இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: கடைக்குப் போகாமல், பொருள் வைத்திருப்பவர் கையிலிருந்தே வாங்குவது.

அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. ‘அம்பது வெள்ளி (ரிங்கிட்) கைமாத்தா குடு, சம்பளத்துல தரேன்’ என்போமே, அந்தக் கைமாற்று. வங்கி இல்லை, பத்திரம் இல்லை, வட்டி இல்லை. தெரிந்தவர் தெரிந்தவருக்குக் கொடுப்பது. ஆகவே பியர்-டு-பியர் வலை ‘கைமாற்று வலை’, அந்த முறையில் கோப்பு பகிர்வது ‘கைமாற்றுப் பகிர்வு’. இணையத்தில் பேச உதவிய ஸ்கைப்பும் தொடக்கத்தில் இப்படித்தான் ஓடியது, கசாவை உருவாக்கியவர்களே அதையும் உருவாக்கினார்கள். ஆகவே கோப்பை மட்டும் குறிக்கும் சொல் போதாது.

சுங்கைப்பட்டாணி அக்கா கேட்கப்போவது தெரியும்: ‘கைமாற்று வாங்கினால் திருப்பித் தரணுமே, தம்பி? கோப்பு கொடுத்தவரிடமும் இருக்குமே?’ உண்மைதான், அக்கா. பொருத்தத்தில் அது ஒரு குறை. ஆனாலும் வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுக்கும் கடமை இந்த வலைகளில் இருக்கிறது. கொடுத்தவருக்கே திருப்பாமல் மூன்றாமவருக்குத் திருப்புகிறோம், அவ்வளவுதான்.

நாம் டோரண்ட் என்று சுருக்கிச் சொல்லும் பிட்டொரண்டுக்கு மட்டும் இன்னொரு சொல்லைக் கேட்கிறேன். பிராம் கோகன் 2001இல் கொண்டுவந்த அந்த முறையில் ஒரே கோப்பைச் சுற்றிப் பலர் திரண்டு, துண்டு துண்டாக ஒருவருக்கொருவர் கொடுக்கிறார்கள். கொடுப்பவருக்கே அதிகம் கிடைக்கும். அந்தக் கூட்டத்துக்கு ‘மொய்’ என்று வைப்போம். தேனீ மொய்ப்பதும் அதில் இருக்கிறது, கல்யாண மொய்யும் இருக்கிறது. யார் வந்திருக்கிறார் என்று குறித்துக்கொள்ளும் டிராக்கர் ‘மொய்யேடு’. ஏட்டில் பெயரும் தொகையும் எழுதியிருக்கும், பணம் இருக்காது. டிராக்கரிலும் கோப்பு இருக்காது.

கடைசியாக, ‘லீச்சர்’, அதாவது கோப்பு முழுதும் கிடைக்காமல் இன்னும் இறக்கிக்கொண்டிருப்பவர். இரத்தம் உறிஞ்சும் ‘அட்டை’ என்று நேராகப் போட்டிருக்கிறீர்கள். திரையில் ‘3 அட்டை’ என்று வந்தால், அடையாள அட்டை நினைவுக்கு வரும். என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, கால் விரலிடுக்கில் சுண்ணாம்பைத் தடவி அட்டையை விழவைப்பார். இரத்தம் நிற்க நேரமாகும். இப்போதுதான் இறக்கத் தொடங்கியவரை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. முழுக் கோப்பையும் வைத்துக் கொடுப்பவருக்கு (சீடர்) ‘வித்து’ அப்படியே இருக்கட்டும், மற்றவர் ‘வாங்குவோர்’ ஆகட்டும்.

மென்பொருளின் முதல் ஐம்பது வரிகளை இந்தச் சொற்களோடு மாற்றி வைத்திருக்கிறேன். ‘கைமாற்று வலை’ பட்டியின் (மெனு) தலைப்பில் நீளமாகத் தெரிகிறது. ‘வலை’யை விட்டுவிட்டு ‘கைமாற்று’ மட்டும் போடலாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து