இலையில் நோய் இல்லை, பூச்சியில் இருக்கிறது: எதை நம்புவது?

லயத்து எலுமிச்சை:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை ஒட்டி எங்கள் வீடு. பின்புறம் லீமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சை மரங்கள், வேலியோரம் கறிவேப்பிலை. காய்களைப் பசாரில் விற்றுத்தான் அம்மாவின் மருந்துச் செலவைப் பார்க்கிறேன். துளிர்களில் சாறு உறிஞ்சும் சைலிட் பூச்சி ஏறியதும், அது பரப்பும் கிரீனிங் என்ற பாக்டீரியா நோயோ என்று அஞ்சி, இலைகளையும் பூச்சிகளையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனையில் இலைகளில் பாக்டீரியா இல்லை என்று வந்திருக்கிறது. பூச்சிகளில் இருக்கிறதாம், பாக்டீரியாவின் அளவைக் காட்டும் சிடி மதிப்பு 31. மரங்களோ பசுமையாக நிற்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. எந்த முடிவை நம்புவது?

பழைய மண்டோர்:
அம்மா, அரிவாளை இப்போது எடுக்காதீர்கள். முதலில் இலைகளை நன்றாகப் பாருங்கள். துத்தநாகக் குறை என்றால் நடுநரம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாகும். கிரீனிங் என்றால் ஒரு பக்கத்துத் திட்டு மறுபக்கத்தோடு ஒத்துப்போகாது. பூச்சி விவகாரத்தைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

பூச்சியியல் மாணவி:
அக்கா, இரண்டு முடிவுகளும் உண்மையாகவே இருக்கலாம். இந்தப் பாக்டீரியா மரம் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. சாறு ஓடும் குழாய்களில் ஒரு கிளையில் மண்டிக்கிடக்கும், அடுத்த கிளையில் இருக்காது. நீங்கள் பறித்த சில இலைகளில் அது தப்பியிருக்கலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1998இல் சைலிட் பூச்சி வந்தது, 2005இல் நோய் உறுதியானது. மரத்தில் அறிகுறி தெரிவதற்கு வெகுகாலம் முன்பே பூச்சியில் பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க முடியும் என்று அங்கே நடந்த ஆய்வொன்று 2008இல் வெளியானது. ஆகவே பூச்சி முடிவைத் தள்ளிவிடாதீர்கள். சிடி எண் குறையக் குறையப் பாக்டீரியா அதிகம் என்று பொருள், 31 அலட்சியப்படுத்தக்கூடியதன்று.

ஆனால் அது உங்கள் மரத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இது சான்றாகாது. நீங்கள் அனுப்பியவை வளர்ந்த பூச்சிகளா, குஞ்சுகளா?

லயத்து எலுமிச்சை:
இரண்டும் கலந்து ஒரே குப்பியில். கறிவேப்பிலையில் பிடித்தவையும் அதில் உண்டு.

பூச்சியியல் மாணவி:
சிக்கல் அங்கேதான், அக்கா. தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி உட்காரும் பழுப்புப் பூச்சிக்கு இறக்கை உண்டு. வேறொருவர் மரத்தில் சாறு குடித்துவிட்டு உங்கள் வேலிக்கு வந்திருக்கலாம். மஞ்சள் நிறக் குஞ்சுக்கு இறக்கை இல்லை. பிறந்த துளிரிலேயே குடித்து வளர்கிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகப் பாக்டீரியா வருவது மிகக் குறைவு. எனவே எலுமிச்சைத் துளிரில் வளர்ந்த பெரிய குஞ்சில் பாக்டீரியா இருந்தால், அந்த மரத்தின் மீதே சந்தேகம் விழும். கறிவேப்பிலையில் பூச்சி நன்றாகப் பெருகும், ஆனால் அதை வைத்து எலுமிச்சையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த முறை மரத்துக்கு ஒரு குப்பி, குஞ்சு தனி, வளர்ந்தது தனி. ஒரு குப்பியில் ஐந்து முதல் பத்து வரை போதும். 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டாம், அது டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். பூச்சியின் சொந்த மரபணுவையும் கூடவே சோதித்தார்களா என்று ஆய்வுக்கூடத்தில் கட்டாயம் கேளுங்கள். அந்த மரபணுவே சோதனையில் தென்படாவிட்டால் டிஎன்ஏ கெட்டிருக்கலாம் என்று அர்த்தம், 'இல்லை' என்ற முடிவுக்கு மதிப்பில்லை. இலையையும் மறுபடி எடுங்கள்: இளந்துளிர் வேண்டாம், முற்றிய இலை, காம்போடு, மரத்தின் நான்கு பக்கத்திலிருந்தும்.

பழைய மண்டோர்:
முடிவு வரும்வரை துளிர் விடும்போதெல்லாம் பூச்சியைக் கட்டுப்படுத்துங்கள். உறவினர் கேட்டாலும் கறிவேப்பிலைக் கன்றோ எலுமிச்சைக் கன்றோ கொடுக்காதீர்கள், பூச்சி அதோடு போய்விடும்.

லயத்து எலுமிச்சை:
மரங்களுக்கு எண் எழுதிக் கட்டிவிட்டேன். நாளை காலை குஞ்சுகளை எடுக்கிறேன். குப்பியின் மேல் பேனாவால் எழுதினால் போதுமா?

பூச்சியியல் மாணவி:
ஆல்கஹால் பட்டால் மை கரைந்துவிடும், அக்கா. சிறு தாளில் பென்சிலால் மர எண்ணும் தேதியும் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.