என்.எச்.எல்-ல சண்டை போடுறவருக்கு 5 நிமிஷம் போதுமா? போதாதுங்கிறது என் கருத்து

ஊத்தங்கரை_கோச் கேட்டது:

வணக்கம். நான் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறவன், தரையில ஆடுற நம்ம ஹாக்கி. ஐஸ் ஹாக்கியும் ரொம்ப வருஷமா விடாம பார்க்கிறேன், அதுவும் அமெரிக்கா-கனடா லீக்கான என்.எச்.எல். அந்த ஆட்டத்தோட வேகத்துக்கு ஈடா இன்னொண்ணு நான் பார்த்ததில்ல. அதனாலதான் இது என்னை இவ்வளவு உறுத்துது.

கையுறையைக் கழற்றிப் போட்டுட்டுக் குத்துச்சண்டைக்கு இறங்குற எந்த வீரரும் அந்த மேட்ச்ல திரும்ப ஆடக் கூடாது. இப்போ என்ன நடக்குது? ரெண்டு பேருக்கும் மேஜர் பெனால்டி. 5 நிமிஷம் களத்துக்கு வெளியே பெனால்டி பாக்ஸ்ல உட்கார்ந்து, துண்டால மூஞ்சியைத் துடைச்சுட்டுத் திரும்ப வந்துடுறாங்க. ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தர் போறதால எந்த டீமுக்கும் களத்துல ஆள் குறையறதும் இல்ல. யாருக்குமே நஷ்டமில்லாத ஒண்ணைத் தண்டனைன்னு எப்படிச் சொல்றது?

நம்ம ஆட்டத்துலயும் எல்லார் கையிலயும் ஸ்டிக் இருக்கு. பந்து 156 கிராமுக்குக் குறையாது, ஐஸ் ஹாக்கியில பந்துக்குப் பதிலா அடிக்கிற பக்கும் ஏறக்குறைய அதே எடைதான். முட்டியில பட்டா உயிரே போயிடும். ஆனா பச்சை அட்டைன்னா 2 நிமிஷம், மஞ்சள்னா குறைஞ்சது 5 நிமிஷம், அவ்வளவு நேரமும் டீம் ஒரு ஆள் குறைவா ஆடியாகணும். கை ஓங்கிக் குத்தினா சிவப்பு, பேச்சுக்கே இடமில்ல. கோபம் நம்ம பசங்களுக்கு மட்டும் வராதா?

2025 பிப்ரவரியில மான்ட்ரியால்ல 4 நேஷன்ஸ் போட்டி. அமெரிக்காவும் கனடாவும் மோதின முதல் 9 விநாடியில 3 சண்டை. அந்த வாரம் எங்க மைதானத்துல ரெண்டு சின்னப் பசங்க ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டு எதிரெதிரா நின்னானுங்க. ஒருத்தன் மத்தவன் பனியனைப் பின்னாடி இருந்து இழுத்துத் தலைக்கு மேல கவுத்து, கண்ணை மறைச்சுட்டுக் குத்துறான். அந்தப் பிடி நான் சொல்லிக்கொடுத்தது இல்ல, எந்த கோச்சும் சொல்லிக்கொடுக்க மாட்டாங்க. போன்ல பார்த்து அப்படியே பிடிச்சிருக்கான். சுத்தி நின்ன பசங்க கை தட்டுறாங்க.

மறுக்கிறவங்க காரணத்தோட வாங்க.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:

கோச் சார், உங்க மேல மரியாதை உண்டு, ஆனா இதை ஒத்துக்க முடியல. ஷிஃப்ட் முடிச்சு வந்து மூணாவது பீரியட் பார்த்துட்டுத்தான் நான் படுப்பேன், அதனால எனக்கும் இந்த ஆட்டம் கொஞ்சம் தெரியும்.

தரை ஹாக்கியில உடம்பை வெச்சு இடிக்கிறதே ஃபவுல். இங்க இடிக்கிறது ஆட்டத்துல ஒரு பகுதி. 90 கிலோ ஆளு பனியில முழு வேகத்துல வந்து பலகையோட சேர்த்து நசுக்கலாம், அதுக்கு விதியே இடம் குடுக்குது. அம்பயர் கண்ணுல படாம ஸ்டிக்கால மணிக்கட்டுல வெட்டுறதும் நடக்குது. அதையெல்லாம் யார் தடுக்கிறது? எட்மண்டன்ல நட்சத்திர வீரர் கிரெட்ஸ்கியைத் தொட்டா சண்டைக்காரர் டேவ் செமெங்கோ வருவாருன்னு எல்லாருக்கும் தெரியும். 1988-ல கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடுத்தப்ப அதே மாதிரி சண்டைக்காரர் மார்ட்டி மெக்சோர்லியும் கூடவே போனாரு. சும்மாவா அனுப்பினாங்க? அந்த பயம் இருந்ததாலதான் அவரால நிம்மதியா ஆட முடிஞ்சது.

1992-ல இன்ஸ்டிகேட்டர் விதி வந்துச்சு, சண்டையை ஆரம்பிச்சவருக்குக் கூடுதல் தண்டனை. அப்புறம்தான் தலையைக் குறி வெச்சு அடிக்கிற எலிங்களுக்குத் துணிச்சல் வந்துச்சு. சண்டையை எடுத்தா ஸ்டிக் பேசும் சார்.

பாலக்கோடு_தக்காளி:

சண்டையை விடுங்கண்ணா. ஓவர்டைம்ல தோத்தவனுக்கு ஒரு பாயின்ட் தர்றாங்களே, அதை முதல்ல நிறுத்தணும். ஒரு மேட்ச்ல மொத்தம் 2 பாயின்ட், இன்னொரு மேட்ச்ல 3. கடைசி 5 நிமிஷம் சமநிலையில இருந்தா ரெண்டு டீமும் பக்கைப் பின்னாடியே வெச்சு உருட்டுறானுங்க. காசு குடுத்து வந்தவன் இதைப் பார்க்கவா வந்தான்?

ஊத்தங்கரை_கோச்:

பாலக்கோடு தம்பி, முழுசா ஒத்துக்கிறேன், ஆனா அதுக்குத் தனியா ஒரு இழை போடுங்க.

ஓசூர் தம்பி, நீங்க சொன்ன அதே மெக்சோர்லியை எடுத்துக்கலாம். 2000 பிப்ரவரியில வான்கூவர்ல, பாஸ்டனுக்கு ஆடுறப்ப, டொனால்டு பிராஷியரோட தலையில ஸ்டிக்கால அடிச்சாரு. அன்னைக்கே முதல்ல ரெண்டு பேரும் சண்டை போட்டிருந்தாங்க. சண்டையில கணக்கு தீரலன்னுதானே ஸ்டிக் வந்துச்சு? நீதிமன்றம் அவரைக் குற்றவாளின்னு சொல்லிச்சு. ‘சண்டையை எடுத்தா ஸ்டிக் பேசும்’னீங்க. சண்டை இருந்தப்பவே பேசிச்சு.

2004-ல கொலராடோ வீரர் ஸ்டீவ் மூர். அவர் வான்கூவர் கேப்டன் மார்க்கஸ் நாஸ்லண்டை இடிச்சுக் காயப்படுத்திட்டாருன்னு அந்த டீமுக்குக் கோபம். மார்ச் 8 மேட்ச்ல மூர் ஓடி ஒளியல, முதல் பீரியட்லயே வான்கூவரோட மாட் குக்கோட சண்டைக்கு நின்னாரு. சண்டைக்குன்னு வீரர்களுக்குள்ள இருக்கிற எழுதாத விதி, ‘கோட்’னு சொல்வாங்களே, அந்தக் கணக்குப்படி விவகாரம் அங்கயே முடிஞ்சிருக்கணும். மூணாவது பீரியட்ல வான்கூவரோட டாட் பெர்டூஸி பின்னாடி இருந்து குத்திக் கீழ தள்ளினாரு. கழுத்து எலும்பு முறிஞ்சு, மூர் அதுக்கப்புறம் என்.எச்.எல்-ல ஆடவே இல்ல.

அந்த மாட் குக்கையே பாருங்க. 2010 மார்ச்ல பாஸ்டன் வீரர் மார்க் சவார்டோட தலையில மோதினாரு. தண்டனையே கிடையாது, ஏன்னா விதியில ஓட்டை. அடுத்து பாஸ்டன்ல ஆடுறப்ப சவார்ட் டீம்ல இருந்த ஷான் தார்ன்டன் அவரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டாரு, ஊரே எழுந்து கத்துச்சு. குக் திருந்தினாரா? 2011 மார்ச்ல ரயன் மெக்டோனா முகத்துல முழங்கையை விட்டாரு. அப்பத்தான் லீக் முழிச்சது: சீசன்ல மிச்சமிருந்த 10 மேட்ச், பிளேஆஃப் முதல் சுற்று முழுசும் தடை. அடுத்த சீசன்ல அவரோட பெனால்டி நிமிஷம் பாதிக்கும் கீழ இறங்கிச்சு. தார்ன்டன் முஷ்டியால முடியாததை அந்தத் தடை செஞ்சது.

தர்மபுரி_செவிலி:

கோச் அண்ணா, நான் இந்த ஆட்டம் அதிகம் பார்த்ததில்ல, வீட்டுக்காரர் பார்ப்பாரு. ஆனா தலைக்காயம் எனக்குத் தினசரி வேலை. தொப்பூர் கணவாய் பக்கம் விபத்துன்னா எங்க வார்டுக்குத்தான் வரும். ‘நல்லாத்தான் பேசுறாரு’ன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன ஆளு ஆறு மாசம் கழிச்சு வந்து, மனைவி பேரைச் சொல்ல வாய் வராம முழிச்சுட்டு உட்கார்ந்திருப்பாரு. தலைவலி, தூக்கமில்ல, தொட்டதுக்கெல்லாம் கோபம். குணமே மாறிடுச்சும்மான்னு அந்தப் பொண்ணு அழும்.

டெரெக் பூகார்ட் பத்தி வீட்டுக்காரர் சொன்னதும் தேடிப் படிச்சேன். மினசோட்டா, நியூயார்க் டீம்கள்ல 277 மேட்ச், மொத்தம் 3 கோல். சண்டைக்குன்னே வெச்சிருந்தாங்க அந்தப் பையனை. வலிமாத்திரைப் பழக்கத்துல சிக்கி 2011-ல 28 வயசுல போயிட்டான். மூளையை ஆராய்ஞ்சு பார்த்தா சி.டி.இ., தலையில திரும்பத் திரும்ப அடி பட்டு வர்ற மூளைச் சிதைவு. அது உயிரோட இருக்கிறப்ப உறுதியா கண்டுபிடிக்க முடியாத நோய்.

இன்னொண்ணு, குத்தை விட விழறதுதான் ஆபத்து. ஹெல்மெட் கழண்டு பின்மண்டை பனியில மோதினா சிமெண்டுத் தரையில விழுந்த மாதிரிதான். கனடாவுல டான் சாண்டர்சன்னு 21 வயசுப் பையன், உள்ளூர் லீக்ல ஆடினவன், அப்படித்தான் 2009 ஜனவரியில செத்தான். கை தட்டுற யாரும் அந்தப் படுக்கைக்குப் பக்கத்துல ஒரு ராத்திரி உட்கார்ந்ததில்ல. எனக்கு இதுல ரெண்டாவது யோசனையே கிடையாது, நிறுத்தணும்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:

அக்கா, நீங்க சொல்றதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பூகார்ட் மாதிரி சண்டைக்குன்னே ஒரு ஆளை வெச்சிருக்கிறது இப்போ ஏறக்குறைய ஒழிஞ்சுபோச்சு, அது ஒழிஞ்சதுல எனக்கும் சந்தோஷம்தான்.

கோச் சார், குக் கதையைப் பாதியில நிறுத்திட்டீங்க. 2014-ல டைசன் பேரியோட முட்டியை இடிச்சு 7 மேட்ச் தடை வாங்கினதும் அதே குக்தான். தடையும் நிரந்தர மருந்து இல்ல. அப்புறம், சண்டை இல்லேன்னா அமெரிக்காவுல கூட்டம் வருமா?

ஊத்தங்கரை_கோச்:

2014 உண்மைதான் தம்பி. அதுக்கு இன்னும் நீளமான தடை வேணும்னுதான் நான் சொல்வேன், இன்னொரு தார்ன்டன் வேணும்னு சொல்ல மாட்டேன்.

கூட்டம் பத்திக் கேட்டீங்க. நம்ம பக்கம் எருது விடும் விழாவுக்குத் தடுப்பு கட்டணும், மாட்டுக்கு டாக்டர் பார்க்கணும்னு கட்டுப்பாடு வந்தப்பவும் ‘இனி யாரு வரப் போறாங்க’ன்னு பேசினாங்க. இன்னைக்கும் மொட்டை மாடியில நிக்க இடமில்ல. நாகானோ 1998 முதல் சோச்சி 2014 வரை அஞ்சு ஒலிம்பிக்ல என்.எச்.எல் வீரர்களேதான் ஆடினாங்க. அங்க சண்டை போட்டா வெளியே. 2010 வான்கூவர் இறுதி ஆட்டத்துல கிராஸ்பி ஓவர்டைம்ல கோல் போட்டப்ப எந்தக் கனடாக்காரன் ‘சண்டை இல்லையே’ன்னு வருத்தப்பட்டான்? 9 விநாடியில 3 சண்டை போட்ட அதே ரெண்டு நாடும் அஞ்சு நாள் கழிச்சு பாஸ்டன்ல இறுதி ஆட்டம் ஆடினாங்க. கனடாவோட நட்சத்திரம் மெக்டேவிட் ஓவர்டைம்ல முடிச்சாரு, 3-2. சண்டை இல்ல. எது பெரிய ஆட்டம்னு நீங்களே சொல்லுங்க.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:

ரெண்டாவது மேட்ச்தான் சார், அதுல சந்தேகமில்ல. ஆனா ஒரு சிக்கல். நாலாவது லைன்ல, அதாவது டீமோட கடைசி வரிசையில ஆடுற ஒருத்தன் வேணும்னே மெக்டேவிட்டைச் சீண்டிச் சண்டைக்கு இழுக்கிறான்னு வைங்க. ரெண்டு பேரும் வெளியே. யாருக்கு நஷ்டம்? உங்க விதியை வெச்சே ஒரு சீரிஸைக் கவுத்துடுவானுங்க.

ஊத்தங்கரை_கோச்:

இவ்வளவு நேரத்துல வந்ததிலேயே வலுவான கேள்வி. கியூபெக் ஜூனியர் லீக்ல 2023 முதல் சண்டை போட்டா வெளியேத்துறாங்க. கிராஸ்பி வளர்ந்து வந்த லீக் அது. ஆனா நான் இப்படிப் பிரிப்பேன்: ஆரம்பிச்சவர் மேட்ச்சை விட்டு வெளியே, அவர் டீம் 5 நிமிஷம் ஆள் குறைவா ஆடணும். தடுத்து நின்னவருக்குப் பழைய 5 நிமிஷம் மட்டும், டீமுக்கு ஆள் குறையாது. ரெண்டு பேரும் பேசி வெச்சுக் கையுறையை உதறினா ரெண்டு பேரும் வெளியே. யார் ஆரம்பிச்சதுன்னு அம்பயர் இன்ஸ்டிகேட்டர் விதிக்காக இப்பவே பார்க்கத்தான் செய்யறாங்க, புதுசா எதுவும் கத்துக்க வேண்டியதில்ல. சந்தேகம்னா வீடியோ இருக்கு.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:

தலையில மோதுறவனுக்கும் இதே கண்டிப்பு இருந்தா நான் உங்க பக்கம் சார். அது வர்ற வரைக்கும் இல்ல.