எச்.டி. திருமணப் படத்திலிருந்து டிவிடி: டைம்லைனிலிருந்து நேராகவா, வெளியே எடுத்துச் சுருக்கியா?

கொங்குப்படம்:
அனைவருக்கும் வணக்கம். 1920×1080 அளவில், விநாடிக்கு 50 ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் கொண்ட அரைப்படம்) கொண்ட இன்டர்லேஸ் முறையில் எடுத்த திருமணப் படமொன்றை எச்.டி. டைம்லைனிலேயே (தொகுப்பு மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடம்) தொகுத்து முடித்திருக்கிறேன். நீளம் 2 மணி 40 நிமிடம். கணினித் திரையில் குறையேதும் தெரியவில்லை. பெண் வீட்டார் டிவிடி கேட்பதால் டைம்லைனிலிருந்து நேராக டிவிடிக்குரிய எம்பெக்-2 கோப்பாக எடுத்து, ஒலியைச் சுருக்காத பிசிஎம்மாகவே வைத்து, ஒரே தட்டில் எழுதினேன். பட்டுப்புடவையின் சரிகைக் கரை துடிக்கிறது. கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் மண்டபத் தூண்களின் விளிம்பு ரம்பப் பல்லாகத் தெரிகிறது. அட்சதை போடும் இடத்தில் படமே கட்டங்கட்டமாக உடைகிறது. எங்கே தவறினேன்?

ஒற்றைவரி:
மூன்று குறைகளுக்கும் காரணம் வெவ்வேறு. முதலில் தூணைப் பார்ப்போம். 1080 வரிகளில் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும், இரட்டைப்படை வரிகள் அதிலிருந்து 1/50 விநாடி தள்ளிய கணத்தையும் தாங்கியிருக்கின்றன. இரண்டையும் பிரிக்காமல் 576 வரிகளாகச் சுருக்கினால் இரு கணங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும்; நீங்கள் கண்ட ரம்பப் பல் அதுதான். ஆகவே தொகுத்த படத்தை தரம் இழக்காமல் பதியும் கோடெக்கில் வெளியே எடுத்து, ஏவிஐசிந்த் என்ற படச் செயலாக்க மென்பொருளில் கியூடிஜிஎம்சி என்ற ஃபீல்டு பிரிக்கும் நிரல் கொண்டு ஒவ்வொரு ஃபீல்டையும் முழு ஃபிரேமாக்கி, விநாடிக்கு 50 ஃபிரேம் இருக்கும் நிலையிலேயே லான்சோஸ் என்ற கூர்மையான அளவு மாற்றும் முறையில் 720×576 ஆகச் சுருக்கி, அதன் பிறகு மீண்டும் இன்டர்லேஸ் செய்யுங்கள். நிறக்கணக்கையும் எச்.டி.க்குரிய 709 என்ற தரத்திலிருந்து டிவிடிக்குரிய 601 என்ற தரத்துக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் குங்குமச் சிவப்பு மங்கும், வாழையிலைப் பச்சை தேவைக்கு மேல் தூக்கலாக நிற்கும்.

நெல்லை அண்ணாச்சி:
தம்பி சொல்லும் கணக்கு சரி, ஆனால் வழியை மறுக்கிறேன். இன்றைய தொகுப்பு மென்பொருள்கள் பலவற்றில் உயர்தர ரெண்டர் (இறுதிப் படத்தை உருவாக்கும்) அமைப்பை இயக்கி, ஃபீல்டு வரிசையையும் சரியாகக் கொடுத்தால், ஃபீல்டைப் பிரித்துச் சுருக்கும் வேலையை அவையே செய்துவிடுகின்றன. எச்.டி. கேமரா மேல் ஃபீல்டை முதலில் பதிகிறது, பழைய டிவி (DV) கேமரா டேப்புக்கான அமைப்போ கீழ் ஃபீல்டை முதலில் கேட்கும். அந்த இடத்தை முதலில் பாருங்கள். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் கையில் ஆறேழு படங்கள் இருக்கும்போது, ஒவ்வொன்றையும் இரவெல்லாம் கியூடிஜிஎம்சியில் ஓடவிட யாரால் முடியும்? இன்னொன்றும் சொல்கிறேன். லான்சோஸில் சுருக்கிய படத்தை நானும் ஒருமுறை பழைய குழாய்த் தொலைக்காட்சியில் ஓட்டிப் பார்த்தேன். கூர்மை கூடியது, சரிகையின் துடிப்பும் அதோடு கூடியது.

ஒற்றைவரி:
துடிப்பைப் பற்றி அண்ணாச்சி சொன்னது உண்மை, என் செய்முறையில் அதை விட்டுவிட்டேன். ஒரு வரி மட்டுமே தடிமனுள்ள சரிகை ஒரு ஃபீல்டில் மட்டும் விழுவதால் விநாடிக்கு 25 முறைதான் ஒளிரும், கண்ணுக்கு அது துடிப்பாகப் படும். மீண்டும் இன்டர்லேஸ் செய்வதற்கு முன் மேல்கீழாக மட்டும் மிக மெல்லிய மங்கலைச் சேர்த்தால் அடங்கும். ஆனால் அட்சதைக் காட்சி உடைவதற்குப் பட அளவைச் சுருக்கும் முறை காரணமே அல்ல, இடமின்மைதான் காரணம். 470 கோடி பைட்டுத் தட்டில் 9,600 விநாடிப் படத்தை அடைத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 39 லட்சம் பிட்தான் கிடைக்கும். அதில் பிசிஎம் ஒலி 15 லட்சத்தை விழுங்கிவிட, படத்துக்கு மிஞ்சுவது 24 லட்சம். ஆயிரம் அரிசி ஆயிரம் திசையில் பறக்கும் காட்சிக்கு அது எப்படிப் போதும்? ஒலியை ஏசி-3 என்ற சுருக்கிய வடிவமாக்கி 256 கிலோபிட்டில் வையுங்கள், படத்தை இரண்டு தட்டாகப் பிரியுங்கள். தட்டுக்கு 80 நிமிடம் என்றால் படத்துக்கு 75 லட்சம் பிட் கிடைக்கும்.

நெல்லை அண்ணாச்சி:
ஒலியை மாற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. தட்டைப் பிரிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. வீட்டுப் பெரியவர்கள் நடுவில் எழுந்து தட்டு மாற்ற விரும்புவதில்லை, ஒரு தட்டு தொலைந்தால் பாதித் திருமணமே போய்விடும். கூடுதல் இடம் தரும் இரட்டை அடுக்குத் தட்டோ பழைய பிளேயர்கள் சிலவற்றில் அடுக்கு மாறும் இடத்தில் நின்றுவிடுகிறது. முதல் முறை படத்தை அலசி, மறுமுறை காட்சிக்கேற்பப் பிட்டைப் பங்கிடும் இருமுறை ஓடும் மாறு பிட்ரேட்டில் என்கோட் செய்தால், மொய் வரிசையில் அசையாமல் நிற்பவர்களிடம் மிச்சப்படுவதை அது அட்சதைக்குக் கொடுக்குமே.

ஒற்றைவரி:
கொடுக்கும், ஆனால் மிச்சம் இருந்தால்தானே கொடுக்கும்? வரவேற்பு மேடைக்குப் பின்னால் சீரியல் பல்புகள் ஓடிக்கொண்டிருந்தால், மொய் வரிசையும் அசையாத காட்சி ஆகாது.

கொங்குப்படம்:
இருவர் சொன்னதையும் வைத்து ஐந்து நிமிடத் துண்டொன்றை மறுமுறை எழுதக்கூடிய தட்டில் போட்டு, பெண் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்தேன். ஃபீல்டு வரிசை என்னிடம் சரியாகவே இருந்தது, உயர்தர ரெண்டர்தான் அணைந்திருந்தது. அதை இயக்கியதும் தூணின் பற்கள் பெரும்பாலும் மறைந்தன. கியூடிஜிஎம்சி வழியில் முற்றிலும் மறைந்தன. மெல்லிய மங்கலைச் சேர்த்தபின் சரிகையும் அமைதியாகிவிட்டது. அட்சதை மட்டும், ஒரே தட்டின் அளவில், இருமுறை ஓட்டியும் உடைந்தது. முகூர்த்தம் ஒரு தட்டு, வரவேற்பு ஒரு தட்டு என்று பிரித்துத் தர பெண்ணின் தந்தையிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

நெல்லை அண்ணாச்சி:
அப்படியானால் உச்ச பிட்ரேட்டை 80 லட்சத்துக்குள் நிறுத்துங்கள். டிவிடி விதி 98 லட்சம் வரை இடம் தந்தாலும், வீட்டில் எழுதிய தட்டை அந்த வேகத்தில் படிக்கப் பழைய பிளேயர்கள் திணறும்.