பிரிண்டர் டிரைவர் ஏத்துற பழைய விபிஎஸ் ஸ்கிரிப்ட் இன்னும் எத்தனை நாளைக்கு?

பாளை_அட்மின்:
பாளையங்கோட்டை, தென்காசி ரெண்டு இடத்துலயும் சேத்து 60 மெஷின். சிஸ்டம்32-க்குள்ள பிரிண்டிங் அட்மின் ஸ்கிரிப்ட்ஸ்னு ஃபோல்டர் இருக்கும்லா, அதுல உள்ள விபிஎஸ் ஃபைல்களை (விபிஸ்கிரிப்ட் மொழியில எழுதுனது) லாகான் ஸ்கிரிப்ட்ல (யூசர் லாகின் பண்ணும்போது ஓடுறது) கூப்பிட்டுதான் டிரைவர், போர்ட், பிரிண்டர் மூணும் ஏறுது. மெஷின் மாடல் பாக்க டபிள்யூமிக்-ங்கிற கமாண்டு. விண்டோஸ் 11-ஓட 25எச்2 பதிப்புக்கு ஏத்துன மெஷின்ல மாடல் காலியா வருது, டிரைவரும் ஏறலை. விபிஸ்கிரிப்ட்டை எடுத்துட்டாங்களா அண்ணாச்சி?

ஜங்ஷன்காரன்:
இல்ல. போனது டபிள்யூமிக். 25எச்2 அப்கிரேடே அதைக் கழட்டிரும். மாடல் காலியா வந்தா உங்க ஸ்கிரிப்ட்ல இருக்க இஃப் நிபந்தனை எதுலயும் சிக்காது, டிரைவர் வரிக்கே போகாது. விபிஸ்கிரிப்ட்டைக் கைவிடுறதா 2023 அக்டோபர்ல அறிவிச்சாங்க. 24எச்2-ல இருந்து அது தனி ஃபீச்சர், இப்போதைக்கு ஆன்லதான் வருது. 2027 வாக்குல தானா ஆஃப் ஆகி, பிறகு மொத்தமாப் போயிரும். இப்பவே மாத்திருங்க.

மாடலுக்கு பவர்ஷெல்ல (விண்டோஸோட இன்னொரு ஸ்கிரிப்ட் மொழி) கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கமாண்டு போதும். டிரைவருக்கு முதல்ல பிஎன்பியூட்டில்-ங்கிற விண்டோஸ் கமாண்டு வச்சு ஐஎன்எஃப் ஃபைலை (டிரைவரோட விவரம் இருக்கது) டிரைவர் ஸ்டோர்ல, அதாவது விண்டோஸ் டிரைவர்களைச் சேத்து வைக்கிற இடத்துல ஏத்தணும். பிறகு பவர்ஷெல்ல ஆட்-பிரிண்டர்டிரைவர், ஆட்-பிரிண்டர்போர்ட், ஆட்-பிரிண்டர், இதே வரிசையில. ஐஎன்எஃப்-ஐ மட்டும் காப்பி பண்ணாதீங்க. கூட இருக்க கேட் ஃபைல் (டிரைவரோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கது) இல்லேன்னா கையெழுத்துச் சோதனையில விழும். முக்காவாசிப் பேர் சிக்குறது பேர்லதான். ஐஎன்எஃப்-க்குள்ள இருக்க மாடல் பேரை, இடைவெளி உட்பட எழுத்து மாறாமக் குடுக்கணும். அட்டையில போட்டிருக்க பேரைக் குடுத்தா 0எக்ஸ்80070705, டிரைவர் ஸ்டோர்ல இல்லைன்னு சொல்லும்.

பாளை_அட்மின்:
அட்மின் லாகின்ல ஓடுது. அதையே லாகான் ஸ்கிரிப்ட்ல போட்டா யூசருக்கு ஏறலை. ரிமோட் ஏஜென்ட் (தூரத்துல இருந்து மெஷினை நிர்வகிக்க அதுல போட்டிருக்க சாஃப்ட்வேர்) வழியா அனுப்புனா பிஎன்பியூட்டிலே இல்லைங்குது.

வண்ணார்பேட்டை_ஐடி:
ரெண்டுக்கும் வேற வேற காரணம். 2021 ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர் டிரைவர் ஏத்த அட்மின் உரிமை வேணும். லாகான்ல இருந்து எடுத்து மெஷின் ஆன் ஆகும்போது ஓடுற ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்ல வைங்க, அந்த உரிமை இருக்க சிஸ்டம் கணக்குல ஓடும். அந்தப் பாதுகாப்பை ரெஜிஸ்ட்ரில ஆஃப் பண்ணச் சொல்லுவாங்க, கேக்காதீங்க.

ஏஜென்ட் 32 பிட்டா இருக்கும். அது சிஸ்டம்32-ன்னு கேட்டா விண்டோஸ் சிஸ்வாவ்64-ங்கிற 32 பிட் ஃபோல்டருக்குத் திருப்பி விட்டுரும், அங்க பிஎன்பியூட்டில் கிடையாது. பாதையில சிஸ்டம்32-க்குப் பதிலா சிஸ்நேட்டிவ்னு போடுங்க.

ஜங்ஷன்காரன்:
சிஸ்வால்லயும் (சர்வர்ல லாகான் ஸ்கிரிப்ட் இருக்க ஷேர் ஃபோல்டர்) டாஸ்க் ஷெட்யூலர்லயும் சிஸ்கிரிப்ட், டபிள்யூஸ்கிரிப்ட் (ரெண்டும் விபிஎஸ் ஃபைலை ஓட்டுற கமாண்டு), டபிள்யூமிக் மூணையும் தேடிப் பாத்துக்கிடுங்க. பிறகு ஒரு மெஷின்ல மட்டும் விபிஸ்கிரிப்ட் ஃபீச்சரை எடுத்துட்டு ஒரு வாரம் ஓட்டுங்க. தேடுனதுல தப்புன ஸ்கிரிப்ட் தானே வெளிய வந்துரும்.